சிலம்பாயியின் சாம்பல் பையும் கருங்கயிற்றுக் கடமானும்

மலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலே முகிலூர் ராஜ்ஜியத்தில் சிலம்பாயி என்று ஒரு வேட்டைக்காரி இருந்தாள். அவள் புருஷன் வேங்கன் காட்டுக்குப் போய் மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குச் செருப்புதான் கிடைத்தது.

மலையடியில் இருந்த மந்திரவாதி கருநாக்கனிடம் போய்க் கேட்டாள். உச்சிக்காட்டில் ஒரு பெரிய கடமான் திரிகிறது, தனியாகப் போய் அதைக் கொன்று கொம்பைக் கொண்டுவா, புருஷனைக் காட்டுகிறேன் என்றான்.

தனியாகப் போவதென்றால் சும்மாவா? எந்த ஓடை வழியாகப் போகிறேன், எத்தனை நாளில் வருவேன் என்று நாத்தனாரிடம் சொல்லி, குழந்தையையும் அவளிடம் விட்டாள். வில், கத்தி, ஒரு மூட்டை அவல், இடுப்பில் ஒரு பை அடுப்புச் சாம்பல். அவ்வளவுதான் சுமை.

சாம்பலைத் தூவினாள், காற்றைப் பார்த்தாள், காலை எடுத்து வைத்தாள். சாம்பல் தன் முகத்துக்கு வந்தால் நேரே நடப்பாள். முன்னால் பறந்தால் சுற்றிப் போவாள். மனுஷ வாடை பட்டால் எந்த மானும் நிற்காதே.

முதல் நாள் குளம்புத் தடம் கண்டாள். சாம்பலைத் தூவினாள், காற்றைப் பார்த்தாள், காலை எடுத்து வைத்தாள். இரண்டாம் நாள் கொம்பு உரசிய மரம் கண்டாள். சாம்பலைத் தூவினாள், காற்றைப் பார்த்தாள், காலை எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் கடமானையே கண்டாள். அதன் கொம்பில் ஒரு கறுப்புக் கயிறு.

அம்பைப் பூட்டினாள். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. அவள் கையில் ஒட்டியிருந்த சாம்பல் நேரே மானின் மூக்குக்குப் போனது. போச்சு, ஓடிவிடும் என்று நினைத்தாள்.

ஓடவில்லை. மோந்து பார்த்தது. காதை ஆட்டிக்கொண்டு அவளிடமே வந்தது.

சிலம்பாயி அம்பைத் தாழ்த்தினாள். மனுஷ வாடைக்கு ஓடாதது மானாக இருக்குமா? கொம்பில் மந்திரக் கயிறு மாதிரி வேறு இருக்கிறதே. வில்லைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கயிற்றைக் கத்தியால் அறுத்தாள்.

எதிரே வேங்கன் நின்றான்.

“அடுப்புச் சாம்பல் வாசம் வந்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. கருவாட்டை இன்னும் கருக்கிக்கிட்டுத்தான் இருக்கியா?” என்றான்.

“கொம்போட இருந்தப்பவே நல்லா இருந்தே மாமா. வாயாவது மூடியிருந்துச்சு” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மந்திரவாதிதான் குடுமியில் கயிற்றைக் கட்டி அவனை மானாக்கினானாம். அப்படி மானாக்கியவனின் கொம்பை அவன் பெண்டாட்டியே தன் கையால் வெட்டிக் கொடுத்தால் மந்திரவாதிக்குச் சாவே இல்லையாம். அப்படியா சங்கதி என்று சிலம்பாயி அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் மலையடிக்குத் திரும்பியபோது மத்தியானம் உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் கருநாக்கன். அவன் குடுமியில் கயிற்றைக் கட்டினாள். கடமானாக எழுந்தவன் மூக்கை நீட்டி மோந்தான். சிலம்பாயி வாடை! எடுத்தான் ஓட்டம். மூன்று மலை தாண்டியும் நிற்கவில்லை.

குழந்தை அப்பன் தோளில் ஏறிக் காதைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் மான்கறி இல்லை, கருவாட்டுக் குழம்புதான். கருகவேயில்லை.