முருங்கை கொல்லைக்குப் போன கதை

மரங்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், முருங்கை வீட்டு வாசலில்தான் நின்றது. அதன் கிளைகளும் அப்போது இப்படிப் பொசுக்கென்று முறிபவை இல்லை. புளியங்கிளை போல உறுதி; பத்துப் பேர் ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. மரங்களுக்குள் அன்று ஒரு வழக்கம் இருந்தது. தன்னைத் தெய்வமென்று வாய்விட்டுக் கூப்பிட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. நல்ல வழக்கம்தான், மனிதர்களுக்குத் தெரியாமல் இருந்தவரை.

முருங்கை நின்ற வீட்டுக்காரி சடைச்சிக்கு அது தெரிந்துபோயிற்று. காலையில் கதவைத் திறந்ததும் "கற்பகமே" என்பாள்; ஒரு பிடி கீரை போகும். உலை வைக்கும்போது "மகராசி" என்பாள். நாலு காய் போகும். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் "என் குலதெய்வமே" என்பாள். பூவும் பட்டையும் சேர்ந்து போகும். ஊரும் சும்மா இருக்குமா? "புண்ணியவதி இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே வந்து, மடி நிறைய ஒடித்துக்கொண்டு போனார்கள். தெருமுனை வேம்பிடம் யாரும் இப்படிக் குழைந்ததே இல்லை. ஆனால் மஞ்சள் துணியும் விளக்கும் பொங்கலும் வேம்புக்குத்தான். முருங்கைக்கு வாய்நிறையப் பட்டம் கொடுத்தார்களே தவிர, ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

அதைக்கூட முருங்கை பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது வேறு. அதன் காய் ஒன்றுகூட இதுவரை முற்றிக் காய்ந்து நெற்றானதில்லை. இளசிலேயே பறித்துக்கொண்டு போனால் விதை எங்கிருந்து வரும்? விதை இல்லாமல் பிள்ளை ஏது? அந்த வருஷம் உச்சாணிக் கிளையில் ஒரே ஒரு காய் எல்லார் கண்ணுக்கும் தப்பிப் பெருவிரல் கனத்துக்கு வந்திருந்தது. முருங்கை வெட்கத்தை விட்டுக் கேட்டது.

"சடைச்சி, இந்த ஒரு காயை மட்டும் விட்டுரு. நெத்தாகட்டும். எனக்கும் ஒரு பிள்ளை வேணும்."

"இதுக்கு எதுக்கு நெத்து? கிளையில ஒரு போத்தை வெட்டி நட்டுவிடுறேன், நாலு நாள்ல துளுத்துரும்."

"என் கையை வெட்டி நட்டா அதுவும் நான்தான். அது எப்படி என் பிள்ளை ஆகும்? உன் விரலை நறுக்கியா நீ பிள்ளை பெத்தே?"

சடைச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி தாயி, தொடமாட்டேன். நீ தெய்வம். உன்கிட்டப் போய் பொய் சொல்வேனா?" என்றாள்.

எட்டே நாள். ஒன்பதாம் நாள் காலையில் சடைச்சியின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். அவனுக்கு முருங்கைக்காய்க் குழம்பென்றால் உயிர். மரத்தில் மற்ற கிளையெல்லாம் மொட்டை. சடைச்சி புருஷன் மூக்கனைக் கூப்பிட்டு உச்சிக் கிளையைக் காட்டினாள்.

"அது கேட்டு வாங்கின காயில்ல?" என்று மூக்கன் தயங்கினான்.

"ஏறும்போது ரெண்டு தடவை மகராசின்னு சொல்லுங்க, போதும். அதுக்கு இல்லைன்னு சொல்லவா தெரியும்?"

முருங்கையின் காதில் இது விழுந்தது. வேரிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இவர்கள் சொன்ன கற்பகமும் குலதெய்வமும் கிளையை வளைக்கப் போட்ட கயிறுதானா? கேட்டபோதெல்லாம் கொடுத்தவளை மதிக்காத வாய், தான் ஒரே ஒரு முறை கேட்டபோது கொடுத்த வாக்கையாவது மதித்திருக்கக் கூடாதா?

மூக்கன் மடமடவென்று ஏறினான். "தெய்வமே, கற்பகமே, பெத்த தாயே" என்று வாய் ஒரு பக்கம் ஓதிக்கொண்டிருந்தது.

"பெத்த தாயா? என்னைப் பெக்கவிட்டியாடா?" என்றது முருங்கை. "இறங்கு."

"கோவிச்சுக்காதே மகராசி. ஒரு காய்தானே?"

அவன் கை காயைத் தொட்டது. முருங்கை அவன் நின்றிருந்த கிளையைத் தானே மடக்கென்று முறித்துக்கொண்டது. தன் கையைத் தானே முறித்த வலி அடிமரம்வரை போயிற்று. கிளையோடு மூக்கனும் தரைக்கு வந்தான். காய் மட்டும் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சடைச்சி மண்ணை வாரித் தூற்றினாள். "பேயே, என் குடியைக் கெடுத்த பேயே" என்று தெருவே கூடும்படி கத்தினாள். அரை நாழிகைக்கு முன்புவரை மகராசியாக இருந்த மரம்தான்.

"அப்படியே கூப்பிடு," என்றது முருங்கை. "பேய்கிட்ட யாரும் குழம்புக்குக் காய் கேட்டு வரமாட்டாங்க." அதற்குப் பிறகு அது யாரோடும் பேசவில்லை.

மூக்கனின் தொடையெலும்பு கூடி, அவன் எழுந்து நின்று கோடரியைக் கையில் எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. பேய்க்குப் பயந்து அதுவரை ஒருத்தரும் கிட்டே வரவில்லை. காய்க்கு அந்த இரண்டு மாதம் போதும். அது காய்ந்து, வெடித்து, சிறகு வைத்த விதைகளைக் காற்றில் விட்டது. கோடரி விழுந்த அன்று முருங்கை ஒரு முனகல்கூட முனகவில்லை.

விதைகளில் ஒன்று வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் விழுந்து முளைத்தது. அது காய்த்தபோது சடைச்சிக்கு நாக்கில் எச்சில் ஊறாமல் இல்லை. ஆனாலும் தெய்வமே என்று கூப்பிட வாய் வரவில்லை. தள்ளி நின்று, தொரட்டியால் எட்டியமட்டும் பறித்துக்கொண்டாள். எட்டாததை விட்டுவிட்டாள்.

அன்று முதல்தான் முருங்கை கொல்லையில் நிற்கிறது, ஏறியவரைக் கிளையோடு கீழே தள்ளுகிறது, தொரட்டிக்கு எட்டாத காயை நெற்றாக்கிக்கொள்கிறது. யாராவது வீட்டு வாசலில் வந்து நின்று "தெய்வமே, மகராசி" என்று ஆரம்பித்தால், விவரம் தெரிந்த பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும், என்ன வேணும்னு முதல்ல சொல்லு" என்று கேட்பதும் அன்று முதல்தான்.