சின்னிழையின் மச்சம்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் வாய் இருந்தது. அதன் வயிற்றுக்குள் கிடந்த இழைகளுக்கும் வாய் இருந்தது. வாழைமரத்தடி ஈரமண்ணில் ஒரு கிருமி. அதற்குள் எழுத்துகளைக் கோத்த இரண்டு இழைகள், பேரிழையும் சின்னிழையும். கிருமியின் பிழைப்பு முழுவதும் பேரிழையில் எழுதியிருந்தது. பக்கத்துப் பூஞ்சை கக்கும் நஞ்சை முறிக்கும் வித்தை மட்டும் சின்னிழையிடம். ஆள் சிறுசுதான், ஆனால் அவள் இல்லாவிட்டால் கிருமி ஒருநாள் தாங்காது.

கிருமி இரண்டாகப் பிரியுமுன் இழைகளைப் படியெடுக்க வேண்டும். எடுப்பவன் பெயர் படியன். கெட்டிக்காரன், ஓர் எழுத்துப் பிசகாது. ஆனால் காலூன்ற இடமில்லாமல் வேலையைத் தொடங்கமாட்டான். தரை மெழுகுகிறவள் நின்ற இடம் மெழுகாமல் போவதுபோல, அவன் கால்வைத்த முனை மட்டும் ஒவ்வொரு முறையும் படியில் விட்டுப்போகும். தலைமுறைக்குத் தலைமுறை சின்னிழை குட்டையானாள். கடைசியில் தேய்மானம் வித்தையின் முதல் எழுத்தை நெருங்கிவிட்டது. பயந்துபோனாள்.

"அண்ணே, இன்னும் ஒரு தடவை நீங்க கால் வச்சா வித்தை போச்சு. வித்தை போனா வீடே போச்சு!"

"நான் என்ன செய்யட்டும் தாயி? முனையில நிக்காம வேற எங்க நிக்க?" என்றான் படியன்.

பேரிழை சிரித்தாள். அவள் வளையம்தான், ஆனால் மூட்டையாகச் சுருண்டு கிடந்ததில், தனக்கு முனையே இல்லை என்பது அவளுக்கே தெரியாது; மடிப்பை முனையென்று நினைத்துக் கால்வைத்த படியனுக்கும் தெரியாது. "நீ இங்க ஒட்டுக்குடித்தனம்தானே? உன் பாட்டை நீ பாரு!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சரி, பார்க்கிறேன் என்றாள் சின்னிழை. முனை இருப்பதால்தானே தேய்மானம்? வால்முனையை வளைத்துத் தலைமுனையோடு பிணைத்துவிட்டாள். இனித் திரும்ப நேராக முடியாது என்று தெரிந்தேதான் செய்தாள்.

படியன் அலறினான். "பாவி மகளே, ஆரம்பமே இல்லாம பண்ணிட்டியே! நான் எங்க தொடங்குவேன்?"

"என் இடுப்புல ஒரு மச்சம் இருக்கு பாருங்க. அங்க தொடங்குங்க. சுத்தி வந்து அங்கேயே முடிங்க."

படியன் தொடங்கினான். சுற்றி வந்தான். தான் கால்வைத்த இடம் எதிரே வந்து நின்றது! அந்த இடத்தையும் எழுதி முடித்தான். ஓர் எழுத்து குறையவில்லை. பேரிழை புரண்டு படுப்பதற்குள் நாலு வளையம், எட்டு வளையம். பூஞ்சை கக்கிக் கக்கி ஓய்ந்தது. அத்தனூண்டு உடம்பில் அவ்வளவு புத்தி! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அன்று முதல்தான், பிளாஸ்மிட் என்று நாம் சொல்லும் சின்னிழை வளையமாக இருக்கிறாள். பேரிழைக்குக் காத்திராமல், மச்சத்தில் தொடங்கிப் படியெடுத்துக்கொள்கிறாள். பூஞ்சை நஞ்சில் செய்த மருந்தை நாம் விழுங்கியும் சில கிருமிகள் மசிவதில்லையே, அங்கே அவள் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.