ம் கொட்டாத காடு

ஓடைக்கு இந்தக் கரையில் இருந்த காட்டை வஜ்ரநகன் என்ற சிறுத்தை ஆண்டு வந்தார். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனவர் பாசிப் பாறையில் கால் வைத்து, நாலு காலும் மேலே இருக்க, மல்லாந்து விழுந்தார். அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த முயல்கள் சிரித்துவிட்டன.

சிரிக்காமல் என்ன செய்யும்? இக்கரையிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இக்கரைக்காரர்களுக்குச் சிரிப்பை இருமலாக மாற்றத் தெரியும்.

"போர்!" என்றார் ராஜா, வாலில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

அந்தக் காட்டில் ராஜா நினைத்த மாத்திரத்தில் போருக்குப் போய்விட முடியாது. ஒரு சட்டம் உண்டு. ராஜா நினைத்ததை ஆஸ்தானக் கதைசொல்லி மூன்று மாலை கதையாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாலை, கதை முடியும் இடத்தில், சபை 'ம்' கொட்ட வேண்டும். கொட்டிவிட்டால் காடே சம்மதித்தது என்று அர்த்தம். வஜ்ரநகன் ராஜாவானதே அப்படி ஒரு 'ம்'மினால்தான். அதனால் அந்தச் சட்டத்தில் மட்டும் அவர் கை வைப்பதில்லை. வைக்கத் தேவையும் வந்ததில்லை. கதை சொன்னால் ம் கொட்டுவது மரியாதை. மரியாதை தெரிந்த காடு அது. மூங்கில் தோப்பு முழுவதும் ராஜாவுக்கே என்று ஆனதும் ஒரு 'ம்'மில்தான். கொட்டியவர்களுக்கு அது மறுநாள்தான் தெரிந்தது.

ஆஸ்தானக் கதைசொல்லி சித்ரகலாபன் என்ற மயில். அவன் குரல் தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் இருக்கும். ஆனால் தோகையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அது யாருக்கும் உறைக்காது.

முதல் மாலை அரசப்பாறைக்கு முன்னால் காடே கூடியது. சித்ரகலாபன் தோகையை விரித்தான்.

"அக்கரை முயல்களின் கண்கள் நெருப்பாய்ச் சிவந்திருக்கும்! சிரித்தால் இடி இடிக்கும்! பாறையில் பாசியைத் தடவியதும் அந்தப் பாதகர்கள்தான்!"

"ம்" என்றது சபை. முன்வரிசையில் இருந்த செம்போத்துதான் எல்லோரையும்விடச் சத்தமாக ம் கொட்டியது. காட்டிலேயே அதற்குத்தான் கண் அப்படிச் சிவந்திருக்கும்!

புள்ளியம்மாள் என்ற காட்டுக்கோழியும் ம் கொட்டினாள். ஏழு குஞ்சுகளுக்கும் பேன் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் கொட்டினாள். அக்கரை முயல் காதாயி அவளுக்கு நல்ல சிநேகிதி. ஓடை வற்றும் கோடையில் இருவரும் மணல் திட்டில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். காதாயி சிரித்தால் இடி இடிக்காது, விக்கல்தான் வரும். அது தெரிந்தும் புள்ளியம்மாள் ம் கொட்டினாள்.

இரண்டாம் மாலை மந்திகள் போராட்டத்தில் குதித்தன.

"வேண்டாம் வேண்டாம்! போர் வேண்டாம்!" என்று ஊர்வலமாக வந்தன. முன்னால் யார் நடப்பது என்பதில் இரண்டு மந்திகளுக்குள் கைகலப்பே ஆகிவிட்டது. பிறகு தலைவன் கடுவன் ஒரு கிளையில் ஏறி நின்று, சமாதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். சபை பணிவாக "ம்... ம்..." என்றது.

சித்ரகலாபனுக்குக் கோபமே வரவில்லை. "ஆகா! துரோகிகள் வரும் கட்டம்! நல்ல கதையில் இது இல்லாமலா?" என்று மந்திகளையும் கதைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான். "கேட்டீர்களா, உடன்பிறந்தே கொல்லும் இந்தக் கூட்டத்தை?"

"ம்" என்றது சபை, அதே பணிவோடு.

மறுநாள் காலை புள்ளியம்மாள் குஞ்சுகளுக்குக் கறையான் கிளறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் செந்தூரன், ஏழு நிறமும் மின்னும் சேவல், ஒரு காலைக் கல்லின்மேல் தூக்கி வைத்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஏய், கேளு! எப்படி இருக்குன்னு சொல்லு. 'இந்த ஒரு சண்டை முடியட்டும்! அப்புறம் புதரோரம் உட்கார்ந்து, பிள்ளைகளோடு கறையான் கொத்தியே காலத்தை ஓட்டிவிடுவேன்!'"

புள்ளியம்மாள் கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருங்க இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"சித்ரகலாபன் அண்ணன்தான். ராத்திரி கூப்பிட்டு அனுப்பினார். நான்தான் முதல் வரிசையாம். இந்தக் கதைக்கே நான்தான் முக்கியமான பாத்திரமாம்!"

"முக்கியமான பாத்திரம் இல்லைங்க. முதல்ல உடையற பாத்திரம்!"

"என்னடி உளறுறே?"

"போன வருஷம் நாவல் தோப்புச் சண்டைக்கு முன்னால இதே வசனத்தைச் சொன்னது யாரு?"

செந்தூரன் யோசித்தான். "மரநாய்."

"அதுக்கு முந்தி?"

"காட்டுப்பன்றி..."

"ரெண்டு பேரும் இப்ப எங்கே இருக்காங்க?"

செந்தூரன் கல்லின்மேல் இருந்த காலைக் கீழே வைத்தான்.

"கதையில் எவன் 'இதுதான் கடைசிச் சண்டை, அப்புறம் வீட்டோட இருப்பேன்'னு சொல்றானோ, அடுத்த வரியில் அவன் காலி. நாற்பது கதை கேட்டிருக்கேன், ஒண்ணுகூடத் தப்பினதில்லை. முதல்ல கதையில சாகடிப்பாங்க, அப்புறம் நிஜத்துல. சரி, சாகும்போது பேசறதுக்கும் ஏதாவது கொடுத்திருக்காரா?"

"கொடுத்திருக்காரே! ரெண்டு தேக்கிலை நிறைய எழுதி!"

"மரநாய் சாகும்போது 'ஐயோ' என்ற ஒரே வார்த்தைதான் சொன்னாராம். பக்கத்தில் இருந்த கீரி சொல்லிச்சு. அவர் பெண்டாட்டிக்கு ராஜா ஒரு மயிலிறகு கொடுத்தார். அதை வெச்சு அவ என்ன செய்யறது? காது குடையறதா?"

"உனக்குப் பெருமைன்னா என்னன்னே தெரியாது!" என்று கத்தினான் செந்தூரன். "வீரன் பெண்டாட்டின்னு நாலு பேர் உன்னைச் சொல்லுவாங்க!"

"சொல்லட்டும். அந்த நாலு பேரும் வந்து இந்த ஏழுக்கும் இரை தேடிப் போடுவாங்களா?"

செந்தூரன் இரண்டு தேக்கிலைகளையும் சிறகில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

புள்ளியம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. குஞ்சுகளைக் கீரியிடம் ஒப்படைக்க முடியாதே! ஏழையும் கூட்டிக்கொண்டே நேராகக் கடுவனிடம் போனாள்.

கடுவன் வெகு உற்சாகமாக இருந்தான். "வாங்க தங்கச்சி! இன்னிக்குப் புதுக் கோஷம் போட்டிருக்கோம். எதுகை மோனை எல்லாம் கச்சிதமா விழுந்திருக்கு!"

"அது கிடக்கட்டும் அண்ணே. நேற்று நீங்க பேசினப்போ சபை என்ன சொல்லிச்சு?"

"'ம்'னு சொல்லிச்சு! ஏகோபித்த ஆதரவு!"

"மயில் 'போர்'னு சொன்னப்போ?"

கடுவன் தலையைச் சொறிந்தான். "அதுக்கும்... 'ம்'தான்."

"நீங்க கத்தினாலும் ம், அவன் கத்தினாலும் ம். அப்ப நம்ம வியாதி சத்தம் இல்லாததா அண்ணே? இந்த 'ம்'தானே?"

"அப்ப என்ன செய்யணும்ங்கறே?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்க கூட்டத்துக்கு அது கஷ்டம்தான். முயற்சி பண்ணுங்க!"

பிறகு அவள் கீரியிடம் போனாள். மரநாயின் மனைவியிடம் போனாள். மான், உடும்பு, கௌதாரி, கொக்கு என்று வளை வளையாக, மரம் மரமாக ஏறி இறங்கினாள். "கதை கேளுங்க. நல்லாக் கேளுங்க. ம் மட்டும் கொட்டாதீங்க" என்றாள்.

"மரியாதை இல்லையே?" என்றது மான்.

"இன்னிக்கு ஒரு நாள் மரியாதை கெட்டவங்களா இருப்போம்!"

மூன்றாம் மாலை வந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. ராஜா பாறைமேல் சாய்ந்திருந்தார். செந்தூரன் முன்வரிசையில் விறைப்பாக நின்றான். சித்ரகலாபன் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ஒரு காட்டில் ஒரு வீரச் சேவல் இருந்தான்!"

சபை பேசாமல் இருந்தது.

"இருந்தான்!" என்றான் சித்ரகலாபன் மறுபடியும். "என்ன, பின்வரிசைக்குக் கேட்கிறதா?"

"நல்லாக் கேட்குது, சொல்லுங்க" என்றது கொக்கு.

"அவன்... ஓடையைக் கடந்தான்! செங்கண் முயல்கள் சூழ்ந்தன! இடது சிறகில் ஒரு வெட்டு! இல்லை, வலது சிறகில்... எந்தச் சிறகு என்று சொன்னேன்?"

ம் இல்லாமல் கதை சொல்வது என்ன லேசுப்பட்ட காரியமா? இருட்டில் படி இறங்குவது மாதிரி. சித்ரகலாபனின் தோகையில் நாலு இறகு தானாகவே மடங்கிக்கொண்டது.

அப்போது பின்னால் இருந்து ஒரு நீளமான "ம்ம்ம்..." எழுந்தது. காட்டெருமை!

ராஜா துள்ளி எழுந்தார். "ஆகா! ம் விழுந்துவிட்டது!"

"அது ம் இல்லை ராஜா!" என்று கத்தினாள் புள்ளியம்மாள். "அது 'ம்மா'! பாதிதான் வந்திருக்கு! மீதியை விடுங்க மாமா!"

"...மா!" என்று முடித்தது காட்டெருமை, வெட்கத்தோடு.

சபை சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டது. இந்தத் தடவை இருமல்கூட இல்லை. அதையும் ம் என்று எண்ணிவிட்டால்?

"ம் கொட்டுங்கள்! இது ராஜாவின் ஆணை!" என்று உறுமினார் வஜ்ரநகன்.

"ஆணைக்குக் கொட்டினால் சம்மதம் ஆகாதே ராஜா" என்றாள் மரநாயின் மனைவி மெதுவாக. "உங்களை ராஜாவாக்கினப்போ யாரும் ஆணை போடலையே!"

ராஜா மயிலை முறைத்தார். அவசரம் அவசரமாகச் சித்ரகலாபன் முன்வரிசைப் பக்கம் திரும்பினான். "செந்தூரா! இது உன் கதையடா! நீயாவது ஒரு ம் கொட்டு. ஒன்று விழுந்தால் மற்றது தானாக வரும்!"

காட்டின் கண்ணெல்லாம் செந்தூரன்மேல் விழுந்தது. புள்ளியம்மாளின் கண்ணும்தான். காடெல்லாம் ஏறி இறங்கியவள் இவனிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. காலையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இனி அவன் பாடு.

செந்தூரனின் அலகு திறந்தது.

"அண்ணே, முடிவு என்னன்னு சொல்லுங்க. நான் செத்த பிறகு என்ன ஆகுது?"

"பிரமாதமான முடிவு!" என்றான் சித்ரகலாபன், குரலில் தேன் குழைக்கப் பார்த்து. "செய்தி கேட்டு உன் மனைவி புன்னகைத்தாள்! கண்ணில் ஒரு துளி இல்லை! 'போனது ஒருவர்தானே? என்னிடம் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், அழைத்துப் போங்கள்!' என்றாள்!"

செந்தூரன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிறகுக்குள்ளிருந்து ஏழு மூக்குகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஊஹூம்" என்றான் செந்தூரன்.

"என்னது?"

"ஊஹூம்! கதை தப்பு அண்ணே! போன ஆடியில் ஒரு முட்டையைப் பாம்பு எடுத்துட்டுப் போச்சு. இவ அந்தப் பாம்பைப் பொந்து வரைக்கும் துரத்திக் கொத்தினா. 'போனது ஒண்ணுதானே'ன்னு நான் சொன்னதுக்கு நாலு நாள் என்னோட பேசலை. இவளா ஏழையும் தூக்கிக் கொடுப்பா? இவளை உங்களுக்குத் தெரியலைன்னா, அந்த முயல்களையும் உங்களுக்குத் தெரியாது. ஊஹூம்!"

"ஊஹூம்!" என்றான் கடுவன்.

"ஊஹூம்!" என்றாள் மரநாயின் மனைவி. அப்புறம் மான், உடும்பு, கொக்கு. கடைசியில் செம்போத்துகூட. காடு முழுக்க 'ஊஹூம்' உருண்டு, ஓடையைத் தாண்டி அக்கரையிலும் கேட்டது.

"கோழைகளே! அப்படியானால் நான் ஒருவனே போவேன்!" என்று கர்ஜித்தார் ராஜா.

"தாராளமாப் போங்க ராஜா!" என்றாள் புள்ளியம்மாள். "கதையில் எப்பவும் நீங்க குன்றின்மேல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருப்பீங்க. இந்தத் தடவை முதல் வரிசைக்கே வந்துடுங்க. வசனம் தயாரா இருக்கு. என்னங்க, கொடுங்க அதை!"

செந்தூரன் பணிவோடு இரண்டு தேக்கிலைகளையும் பாறைமேல் வைத்தான்.

ராஜா முதல் இலையைப் படித்தார். மீசை முறுக்கேறியது. இரண்டாவது இலையைப் படித்தார். முகம் வெளிறியது.

"சித்ரகலாபா! இதில் நான் செத்துப்போகிறேனே!"

"ஆமாம் ராஜா" என்றான் சித்ரகலாபன். "ஆனால் ரொம்ப அழகாக."

அதற்குப் பிறகு போர் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ராஜாதான் முதலில் எடுக்கவில்லை.

சபை கலைந்தபோது செந்தூரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். போருக்குப் போய் வந்தவன்கூட அவ்வளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டான். "பார்த்தியா! நான் சொன்ன ஒரு வார்த்தையில் காடே திரும்பிச்சு!" என்றான்.

புள்ளியம்மாள் வழக்கமாக இதற்கு நாலு வார்த்தை சுடச்சுடக் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. ஏழு குஞ்சுகளையும் முன்னால் விட்டு, தலையை நிமிர்த்தி, ராஜாவின் கண்ணெதிரே, அவசரமே இல்லாமல் நடந்து போனாள். தன் புருஷனைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்தவர் சொல்லும் வீரக் கதைக்கு ம் கொட்டுவதற்கு முன்னால், அதில் சாகப்போவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.