எல்லைப் பேருந்து

பாடையின் தலைமாட்டைக் குரு தூக்கினார். கால்மாட்டைச் சேந்தன் தூக்கினான். வாசலைத் தாண்டுவதற்குள் மூங்கில் நடுவில் வளைந்தது. இறக்கி வைத்தார்கள்.

பாடையில் இருந்தவள் சேந்தனின் மனைவி குமுதை. குரு அவனுக்குச் சிறுவயதிலிருந்து பாடம் சொன்னவர். கடல் இல்லாத அந்தச் சின்ன மலைநாட்டில் பிணத்தை வண்டியில் ஏற்றுவதில்லை. பொழுது சாய்வதற்குள் நான்கு பேர் தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்ய வேண்டும்.

"தெருவில் போய்க் கூப்பிட்டுப் பார்," என்றார் குரு.

சேந்தன் அந்த நாட்டின் நிதியமைச்சன். வரியைக் குறைத்து உலகத்துக் கம்பெனிகளையெல்லாம் அங்கே வரவழைத்தவன். கதவு கதவாகத் தட்டினான். ஒவ்வொரு கதவிலும் மேலிருந்து கீழ்வரை கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள். ஒரு வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. எடுக்க ஆளில்லை. அது ஓயும்வரை நின்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"இத்தனை கம்பெனியில் ஒன்றுக்குமா தோள் இல்லை?" என்றார் குரு.

"எல்லாம் வெறும் பலகைதான், ஐயா."

"வேலைக்கு வருகிறவர்கள்?"

"இருட்டுவதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், ஐயா. கிளம்பியிருப்பார்கள்."

அந்தச் சட்டத்தை எழுதியவனும் அவன்தான். பகலில் இங்கே உழைத்துவிட்டு இரவில் அண்டை நாட்டில் தூங்கினால், அவர்களுடைய நோயும் முதுமையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அண்டை நாட்டின் செலவு.

ஓடினான். எல்லைக்குப் போகும் கடைசிப் பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றான். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னான். உள்ளே யாரும் அசையவில்லை. பின் இருக்கையில் இருந்த தச்சன் வேலப்பன் மட்டும் வாய் திறந்தான்.

"சமைக்க நாங்கள், பெருக்க நாங்கள், தூக்கவும் நாங்கள். சாவதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களாக்கும்."

சொல்லிவிட்டு அவனே முதலில் இறங்கினான். பின்னால் மூன்று பேர். பேருந்து போய்விட்டது.

சுமந்தார்கள். அவர்களே குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளி முடித்தபோது வெளிச்சம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, நான்கு பேரும் வெளிப்படியில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பனி விழத் தொடங்கியிருந்தது. கணவாய் வழியாக நடந்தே போய்விடலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சேந்தன் குருவைத் தனியே அழைத்து, இவர்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டான். அவர்களையே கேட்கச் சொன்னார். போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"இன்று ஒரு ராத்திரி படுக்க இடம் போதும் என்கிறார்கள்."

"சரி."

"சட்டத்தில் அதற்கு இடமில்லையே, ஐயா."

குரு தன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"குமுதைக்கு இடம் வெட்டிக் கொடுத்தது யார்?"

சேந்தன் வாசலுக்குப் போய், பனி படிந்து கிடந்த அவர்களுடைய செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்துவந்து கதவுக்கு உள்ளே வைத்தான்.