கண்ணாடிக்குள் சாயம்

"மெஷின் பொய் சொல்லுது மேடம்!"

மாசிலாமணி போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது.

போடாமல் என்ன செய்வார்? நாற்பத்தெட்டு வயதில், கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு செய்த ஐந்து வருட ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அவரைவிடப் பத்து வயது இளையவரான வழிகாட்டி ரெஜினாவோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"கண்ணாடிக்குள்ள சாயம் அசையவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சுத்துதுன்னு மெஷின் சொல்லுதே சார்?"

சாயம் கலந்த கரைசலை ஊற்றி, உறையவிட்டு, ஆறு மாதம் உலர்த்தி அவரே செய்த, நுண்துளைகள் நிறைந்த கண்ணாடி. ஒரே திசையில் அதிரும் ஒளியை அதில் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் சாய மூலக்கூறு ஒளிரும். அது அசையாமல் இருந்தால் வெளிவரும் ஒளியும் பெரும்பாலும் அதே திசையில் அதிரும். சுழன்றால் திசை கலைந்துவிடும்.

இருபது முறை அளந்தார். இருபது முறையும் கலைந்தே வந்தது.

"மூணு நாள் ஆல்கஹால்ல ஊறப் போட்டேன் மேடம். ஒரு சொட்டுச் சாயம் வெளிய வரல. அப்படி மாட்டிக்கிட்டது எப்படிச் சுத்தும்? கம்பெனிக்குப் புகார் எழுதிட்டேன். இந்தாங்க!"

ரெஜினா கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"கடைசியா ஒரு ரீடிங் எடுத்துட்டு வாங்க சார்."

மாசிலாமணி இருட்டறைக்குள் போனார். வெளியே பூட்டு விழுந்தது.

"மேடம்! என்ன விளையாட்டு இது?"

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? கதவைத் தட்டினார். மேஜையைச் சுற்றி நடந்தார். வந்து தட்டினார். மறுபடியும் நடந்தார்.

அரை மணி கழித்துத்தான் கதவு திறந்தது.

"என்னை என்னன்னு நினைச்சீங்க? நானும் ஒரு வாத்தியார்!"

ரெஜினா புகார்க் கடிதத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். அதில் வரிசையாகப் பேனாக் கோடுகள்.

"என்ன இது?"

"ஷூ சத்தம் கேட்டுச்சு. நீங்க மேஜையைச் சுத்துன ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கோடு. அறுபத்திரண்டு."

"வெளிய விடாமப் பூட்டி வச்சா, மனுஷன் உள்ளேயே சுத்தாம வேற என்னங்க செய்வான்?"

சொன்ன வேகத்திலேயே அவர் திரும்பி, இருட்டறைக்குள் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

ரெஜினா பேனாவை நீட்டினார்.

"அதை எழுதுங்க சார். கையெழுத்துப் போடறேன்."