வைரவநாதர் மேல் கால் வைத்த கதை

நெல்லிக்கோட்டை மன்னன் கோதண்டமாறனுக்குக் கோபம் வந்தால் மீசை துடிக்கும், பெருமை வந்தால் தொப்பை குலுங்கும். அன்று அவையில் தொப்பைதான் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஊரை ஒட்டிக் குளிர்குன்று என்று ஒன்று உண்டு. உச்சியில் அருவி, அருகிலேயே மாந்தோப்பு. சித்திரை பிறந்தால் அங்கே பத்து நாள் கூடாரவாசம். வேளாவேளைக்குச் சோறு, படுக்கப் பாய், குளிக்க அருவி. யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம், சல்லிக்காசு தர வேண்டாம். எல்லாம் ஊர்ப் பெரிய மனிதர்களின் கொடை. அதற்குக் கஜானாவைத் தொடக்கூடாது என்பது மன்னனின் பாட்டனார் போட்ட கட்டளை. அந்த ஆண்டு தை மாதத்திலேயே கொடையாளர்கள் குன்றுக்கு நூற்றெட்டுக் கல்படி போட்டு முடித்துவிட்டார்கள். படிக்கு ஒரு கொடையாளர். படியின் மேல் அவருடைய பெயர், சாண் அகல எழுத்தில்.

"முதல் படி அடியேனுடையது," என்றார் அவர்களின் தலைவரான ரத்தின வியாபாரி வைரவநாதர். "இனி இந்த நாட்டில் குன்றுக்கு வரமுடியாதவர் ஒருவரும் இல்லை மன்னா!"

"நான் இருக்கேனே சாமி!" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

கோட்டை வாசலில் பூக்கட்டி விற்கும் காத்தாயி. பிறவியிலேயே அவளுக்குக் கால் இரண்டும் விளங்காது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையை உந்தித்தான் ஊரெல்லாம் சுற்றுவாள்.

"அந்த அருவியில ஒருதரம் தலைய நனைக்கணும்னு முப்பது வருஷமா ஆசை மகராசா. மண்பாதையா இருந்தப்பவாச்சும் பாதி தூரம் போயித் திரும்புவேன். இவுக தருமம் பண்ணினாக, இப்ப மொதப் படியோட நின்னுபோச்சு."

ஓர் ஓரத்தில் நின்ற மயிலேறிக்குச் சுருக்கென்றது. அரசவையின் விகடன் அவன். நாட்டில் யாரையும் விட்டுவைக்காமல் கேலி செய்கிறவன். தினமும் காத்தாயியிடம் பூ வாங்கியும் இது தன் மண்டையில் உறைக்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"படிக்குப் பக்கத்திலேயே ஒரு சரிவுப் பாதை போட்டால் என்ன?" என்றான் மன்னன்.

"போடலாம் மன்னா," என்று இழுத்தார் வைரவநாதர். "ஆனால் சரிவில் பெயரை எங்கே வெட்டுவது? பெயரில்லாத வேலைக்கு யார் கொடுப்பார்கள்?"

மற்ற நூற்றேழு தலைகளும் ஆமாம் என்று ஆடின. மன்னனின் மீசை லேசாகத் துடித்தது.

"மயிலேறி! இவர்கள் தாமாகவே முன்வந்து பாதை போட வேண்டும். நீ கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது. நாளைப் பொழுது சாய்வதற்குள் இவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் காத்தாயி இந்த ஆண்டும் கீழேதான்."

மயிலேறி நேராக வைரவநாதரிடம் போனான்.

"ஐயா, சித்திரைக்கான கூடாரத் துணியும் அண்டாக்களும் முன்கூட்டியே நாளைக் காலை மேலே போகின்றன. படியில் கால் படும்போதெல்லாம் அந்தப் படிக்காரர் பெயரைத் தண்டோராக்காரன் சொல்லட்டுமா?"

வைரவநாதருக்கு வாயெல்லாம் பல். "பேஷ்! என் பெயரை மட்டும் கொஞ்சம் உரக்கவே சொல்லச் சொல்லும்!"

மறுநாள் மன்னன் முதல் காத்தாயி வரை ஊரே அடிவாரத்தில் கூடிவிட்டது. முந்தின நாள் மழையில் தரையெல்லாம் சேறு. முதல் சுமைகாரன் அண்டாவோடு படியில் ஏறினான்.

டம் டம் டம்! "வைரவநாதர் மேல் கால் வைத்தாயிற்று!"

கூட்டம் திகைத்தது. அடுத்த ஆள் வந்தான்.

"வைரவநாதர் மேல் சேற்றைத் துடைத்தாயிற்று!"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். கூடாரத் துணி சுமந்த கழுதை வந்தது.

"வைரவநாதர் மேல் கழுதை ஏறிற்று! வைரவநாதர் மேலேயே நின்றுவிட்டது! வைரவநாதர் மேல்..." தண்டோராக்காரன் சட்டென்று நிறுத்தி மயிலேறியைப் பார்த்தான்.

"நடந்ததை நடந்தபடியே சொல்லப்பா," என்றான் மயிலேறி.

சொன்னான். என்ன சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை. கழுதை நின்ற இடத்தில் நின்று என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மன்னன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டாம் படிக்காரர் தலைப்பாகையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாம் படிக்காரரை அந்தப் பக்கத்திலேயே காணோம்.

"நிறுத்தச் சொல்லும் ஓய்!" என்று ஓடிவந்தார் வைரவநாதர்.

"உரக்கச் சொல்லச் சொன்னீர்களே ஐயா! போதவில்லையா?"

"என் பெயரை அங்கிருந்து எடுத்துத் தொலையும்! கால் படாத இடமாகப் பார்த்து வையும்!"

மயிலேறி தாடையைத் தடவினான். "கால் படாத இடம் என்றால் சுவர்தான். இந்தக் குன்றில் சுவருக்கு எங்கே போவேன்? சரிவுப் பாதை என்று ஒன்று இருந்தால், வண்டி பள்ளத்தில் உருளாதபடி ஓரம் முழுக்கச் சுவர் எழுப்பியே ஆக வேண்டும். கண்ணுக்கு நேரே எத்தனை பெயர் வேண்டுமானாலும் வெட்டலாம். அதுதான் இல்லையே..."

"போடும்! என் பங்கு இதோ!"

"என் பங்கும்!" "எனக்கு வளைவில் இடம் வேண்டும்!" என்று மற்றவர்களும் முண்டியடித்தார்கள்.

மயிலேறி மன்னனைப் பார்த்துக் கைகூப்பினான். "கெஞ்சினேனா மன்னா? மிரட்டினேனா?"

சித்திரை பிறந்தது. குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறிய புதுப் பாதையில், தள்ளிவிட வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, காத்தாயி தானே உந்தி உச்சிக்கு வந்தாள். நேராக அருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தாள். நெடுநேரம் அங்கேயே இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த மயிலேறிக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி செய்ய ஒன்றுமே தோன்றவில்லை.

அவள் ஈரத்தோடு திரும்பியதும் வைரவநாதர் ஆவலோடு போய்க் கேட்டார். "காத்தாயி, வழியில் என் பெயரைப் பார்த்தாயா?"

"பாக்காமலா? பாதி மேட்டுல மூச்சு முட்டிப்போச்சு சாமி. உங்க பேரு மேலதான் முதுகைச் சாய்ச்சு உக்காந்தேன். என்ன சுகம், என்ன சுகம்! நீங்க நல்லா இருக்கணும்."

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். அதிசயமாக, வைரவநாதரும் சிரித்தார்.

"மயிலேறி, சுவரில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது," என்றான் மன்னன். "உன் பெயரை வெட்டச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் மன்னா! விடிந்ததிலிருந்து 'மயிலேறி, மயிலேறி' என்று நீங்கள் கூப்பிடுவதே போதும். பத்து நாள் என் பெயரை யாருமே சொல்லாத கூடாரம் ஒன்று இருந்தால் கொடுங்கள்."