பெட்ரோல் பங்க்கிலிருந்து முதல் ஷாட்

கோயமுத்தூரில் தண்ணி மோட்டார் செய்து விற்கிற கூட்டாளிகள் மூன்று பேர்: சென்னியப்பன், நாச்சிமுத்து, கிட்டுசாமி. மோட்டார் நன்றாகத்தான் ஓடும். அதை வேலையாட்கள் செய்கிறார்கள். இவர்கள் மூவரும் ஆபீஸில் உட்கார்ந்து யோசிப்பதோடு சரி. ஊருக்கு ஆபத்து அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

சென்னியப்பனின் மகள் மிருதுளா, கூட வேலை பார்க்கிற பையனை விரும்பினாள். பையனின் அப்பா ரிட்டயர்டு கர்னல். அவர் ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. பெண்ணின் அப்பாவோடு ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆட வேண்டும், ஒரு மனுஷனை எடை போட அது போதும், அதற்கப்புறம்தான் சம்மதம் என்றார். மாசக் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்துவிட்டார்.

மிருதுளாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகம் என்றால்கூட யாரையாவது பிடித்துத் திருத்தி எழுதிவிடலாம். அப்பாவை எப்படித் திருத்துவது?

மூன்று பேருக்கும் கோல்ஃப் கிளப்பில் மெம்பர்ஷிப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்காக எடுத்தது. இப்போது ஒரு கோச்சை அமர்த்தினார்கள். அவர் பாவம், பொறுமையாக விளக்கினார். முதல் பந்தை அடிக்கிற இடத்துக்கு டீ என்று பெயர். கொடி நட்ட குழிக்குக் கிட்டே சிவப்பு டீ, நடுவில் வெள்ளை, ரொம்பப் பின்னால் நீலம். அவரவர் திறமைக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

"கௌரவம் பார்க்காதீங்க சார். எங்கிருந்து ரெண்டு ஷாட்ல கொடிக்கிட்ட போய்ச் சேர முடியுதோ, அங்கிருந்து ஆரம்பிங்க. நல்லா வர வரப் பின்னால தள்ளிப் போங்க. மோசமான ஷாட்டை அங்கேயே மறந்துடுங்க," என்றார். சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

நீல டீயிலிருந்து அடித்துப் பார்த்தார்கள். பந்து முள்ளுச்செடிக்குள் போனது. வெள்ளையிலிருந்து குளத்துக்குள். சிவப்பிலிருந்து பந்து அசையவே இல்லை, புல்தான் பறந்தது. கௌரவம் பார்க்காமல் இன்னும் முன்னால் நடந்தார்கள். நடந்து நடந்து கொடிக்கே வந்து சேர்ந்தார்கள். குழிக்கு ஒரு முழம் தள்ளிப் பந்தை வைத்ததும் சென்னியப்பனுக்கும் நாச்சிமுத்துவுக்கும் ரெண்டு ஷாட்டில் விழுந்தது. கிட்டுசாமிக்கு மூன்று ஆனது.

அவர் மனமுடைந்து, பந்தை எடுத்துக் குழிக்குள்ளேயே வைத்துவிட்டு மட்டையை ஓங்கினார்.

"இருப்பா. நீ இன்னும் அடிக்கவே இல்ல, அதுக்குள்ள விழுந்து கிடக்குது," என்றார் நாச்சிமுத்து.

"அப்ப நான் நல்லா ஆடிட்டனா?"

"எங்களைவிட நல்லா ஆடிட்ட. பின்னால போ."

அப்படித்தான் முன்னேற்றம் தொடங்கியது. பந்து நன்றாகப் போனால் நாலு எட்டு பின்னால் போவார்கள். போகாவிட்டால் கோச் சொன்னபடி மறந்துவிடுவார்கள். மறப்பதில் மூவரும் பிறவி மேதைகள்.

"இன்னைக்கு எப்படி ஆடுனீங்க?" என்று கேட்டாள் சென்னியப்பனின் மனைவி கோகிலா.

"ஒரு ஷாட் அடிச்சேன். பிரமாதம்."

"விடியறதுக்கு முன்னால போனீங்க, வெயில் ஏறி வர்றீங்க. ஒண்ணே ஒண்ணுதானா?"

"மத்தது எதுவும் ஞாபகம் இல்ல, கோகிலா."

அவள் குக்கருக்கு வெயிட் போடப் போய்விட்டாள். குக்கராவது சொன்னால் கேட்கும்.

இந்த வேகத்தில் சிவப்பு டீ கடந்தது, வெள்ளை கடந்தது, நீலமும் கடந்தது. அதற்குப் பின்னால் கம்பி வேலி. வேலியைத் தாண்டினார்கள். அடுத்து ஒரு தென்னந்தோப்பு. அதற்கும் பின்னால் பைபாஸ் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க். அங்கிருந்து கொடி தெரியவில்லை.

"எங்க போய் விழுந்துச்சுன்னு பார்த்தியா?" என்று கேட்டார் கிட்டுசாமி.

"இல்ல," என்றார் சென்னியப்பன்.

"போய்ச் சேரலைன்னு பார்த்தியா?"

"அதுவும் பார்க்கல."

"அப்ப நல்ல ஷாட்தான்."

ஞாயிறு வந்தது. கர்னல் கஞ்சி போட்ட சட்டையில் வந்து இறங்கி, எந்த டீயில் ஆடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். கொஞ்சம் பின்னாலதானுங்க என்று சென்னியப்பன் நெளிந்தார். கர்னல் நீலத்தைக் காட்டினார். அதுக்கும் பின்னாலதானுங்க என்று சொல்லி, அவரைக் காரில் ஏற்றி, டயருக்குக் காற்று பிடிக்கிற இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

சென்னியப்பன் மகளை நினைத்துக்கொண்டு ஓங்கி அடித்தார். பந்து எழும்பி, பைபாஸில் தேங்காய் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த லாரிக்குள் விழுந்தது. லாரி நிற்கவில்லை.

கர்னல் லாரி போன திசையையே பார்த்தார். சென்னியப்பன் பாக்கெட்டைத் துழாவினார். இங்கேயே வேறு பந்து ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பந்து எங்கே கிடக்குதோ அங்கிருந்துதான் அடுத்த ஷாட். சட்டம்னா சட்டம்," என்றார் கர்னல்.

"நானும் அப்படித்தானுங்க நினைச்சேன்," என்று சென்னியப்பன் காரில் ஏறினார். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கர்னலும் ஏறினார். சட்டை கஞ்சி போட்டிருந்தால் போதும், உள்ளே இருப்பவருக்குப் புத்தி இருக்கும் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

லாரியைக் காங்கேயத்தில், ஒரு கொப்பரைக் களத்தில் பிடித்தார்கள். தேங்காய் மலைபோலக் கொட்டிக் கிடந்தது. உச்சியில் பந்து. வந்தவர்கள் வருமான வரிக்காரர்கள் என்று நினைத்துக் களத்துக்காரர் நாற்காலி போட்டார்.

சார் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், பந்தைக் கீழே எடுத்து வைத்துக்கொள் என்று கிட்டுசாமி கிசுகிசுத்தார்.

"முடியாதுப்பா. புள்ளையோட கல்யாணம் இதுல இருக்குது," என்று சொல்லிவிட்டு, சென்னியப்பன் சறுக்கிச் சறுக்கி மேலே ஏறினார். கர்னல் காதில் அது விழுந்துவிட்டது.

உச்சியில் நின்று ஓங்கி அடித்தார். பந்தில் படவில்லை. பக்கத்துத் தேங்காயில் பட்டது. அது கோணாமல் மாணாமல் சரிபாதியாக உடைந்து, இரண்டு மூடியும் கர்னலின் காலடியில் வந்து மல்லாந்தன.

கர்னல் தொப்பியைக் கழற்றினார். "சட்டத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்ட ஆளை நான் பட்டாளத்துலகூடப் பார்த்ததில்லை, சம்பந்தி," என்றார்.

அங்கேயே ஆளுக்கொரு மூடியை மாற்றிக்கொண்டு நிச்சயம் முடித்தார்கள். களத்துக்காரர் நிம்மதியாகி மோர் கொடுத்தார். மோர் குடித்து நிமிர்வதற்குள் பந்து குவியலுக்குள் சரிந்து, குவியல் வேறொரு லாரியில் ஏறி, லாரி கிளம்பிவிட்டது.

ஆடத் தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் தனக்கு இல்லை என்றார் கர்னல். தனக்கும் இல்லை என்றார் சென்னியப்பன். மற்ற இருவரும் முன்பே காரில் ஏறியிருந்தார்கள்.

ஆகவே முகூர்த்தத்தன்று மண்டபத்தில் பெண்ணுக்கும் அப்பா இல்லை, மாப்பிள்ளைக்கும் அப்பா இல்லை. விருதுநகரில் ஒரு எண்ணெய் மில் வாசலிலிருந்து போன் வந்தது. நாலாவது ஷாட்தான் ஆகிறது, முகூர்த்தம் தவற வேண்டாம், தாலியைக் கட்டச் சொல் என்றார் சென்னியப்பன். கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டு, மேளச் சத்தமாவது அந்த மனுஷன் காதில் விழட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கிடம் பிடித்தாள்.

ஐயர் கையைத் தூக்கினார். தவில்காரர் குச்சியை ஓங்கினார்.

"சைலன்ஸ்," என்றது கர்னலின் குரல், மண்டபம் முழுக்க. "சம்பந்தி ஷாட் ஆடப் போறார்."

தவில்காரர் குச்சியை இறக்கினார். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்தார். கை நிறைய அட்சதையோடு மண்டபமே மூச்சைப் பிடித்து நிற்க, மிருதுளாவின் கழுத்தில் சத்தமே இல்லாமல் தாலி ஏறியது.

ஸ்பீக்கரில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"எங்க போச்சுன்னு யாராச்சும் பார்த்தீங்களா?" என்றது நாச்சிமுத்துவின் குரல்.

முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினார்கள்.